சின்ன காரை வீட்டு வாசலிலேயே உயர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யாருடைய கார் வேகத்தடையில் அடி தட்டினாலும் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது. நான் மெக்கானிக் இல்லை. என் பழைய ஸ்விஃப்ட்டை இரண்டு முறை தப்பாகவும் ஒரு முறை சரியாகவும் உயர்த்தியவன், அவ்வளவுதான். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான கார்களுக்கு மட்டுமே இந்தப் பதில்கள் பொருந்தும். இவற்றில் எஞ்சின் முன்சக்கரங்களை இழுக்கும், முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கும், பின்னால் காயில் ஸ்பிரிங் இருக்கும். ஜீப் வகைகளின் கதை வேறு.

வண்டி அடி தட்டுகிறது. உயர்த்தினால் சரியாகிவிடுமா?

எது தட்டுகிறது, எப்போது தட்டுகிறது என்று முதலில் பாருங்கள். தனியாகப் போகும்போது தட்டாமல், குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது மட்டும் தட்டினால், உயரம் போதவில்லை என்று அர்த்தமில்லை. பின் ஸ்பிரிங் அமுங்குகிறது. ஒரு கணக்குப் போடுவோம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு பெட்டி. பின் அச்சில் கூடுதலாக 200 கிலோ என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 100 கிலோ. ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும் என்றால், வண்டியின் பின்பக்கம் 50 மி.மீ. இறங்கிவிட்டது. நீங்கள் போடப்போகும் 20 மி.மீ. ஸ்பேசர் (வண்டியை உயர்த்த இடையில் செருகும் துண்டு) அதில் பாதியைக்கூட ஈடுகட்டாது.

வேகத்தடையின் அளவும் முக்கியம். இந்தியச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. அதன்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மேடு, வளைவின் ஆரம் 17 மீட்டர். ஸ்விஃப்ட் போன்ற காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.43 மீட்டர்தான். அதனால் மேட்டைக் கடக்கும்போது நான்கு சக்கரமுமே மேட்டின் மேல்தான் நிற்கும். நடுவில் மேடு எழும்பி நிற்பது சுமார் 43 மி.மீ. மட்டுமே. எந்தக் காரும் அதில் தட்டாது.

நம் ஊரில் தட்டுவதெல்லாம் தெருக்காரர்கள் சிமென்டில் போட்டுக்கொண்ட, இரண்டடி அகலமும் அரையடி உயரமும் உள்ள திண்ணைகள். அவை சக்கரங்களுக்கு நடுவே முழுசாக நுழைந்து அத்தனை உயரத்தையும் தின்றுவிடும். அந்தத் திண்ணைக்குப் பயந்து காரைத் தூக்குவதைவிட ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ ஒரு மனு கொடுப்பது மலிவு. நடக்குமா என்பது உங்கள் ஊர் கவுன்சிலரைப் பொறுத்தது.

இன்னொன்று. மேட்டின் மேல் பிரேக்கை மிதித்தபடியே ஏறாதீர்கள். பிரேக் பிடித்தால் மூக்கு குனியும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட்டு, உருட்டியபடி ஏறுங்கள். காசு செலவில்லாத லிஃப்ட் இது.

கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் எப்படி அளப்பது?

வண்டியின் அடிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பிரோஷரில் ஒரு எண் போட்டிருப்பார்கள். 2018இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு 163 மி.மீ., ஆல்டோ 800க்கு 160. பெரும்பாலும் அது ஆள் ஏறாத வண்டிக்கான எண். அதைவிட உதவுகிற அளவு வேறு: சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து, அதற்கு நேர் மேலே ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடித் தகடு) விளிம்பு வரை. டயர் தேய்ந்திருந்தாலும் காற்று குறைந்திருந்தாலும் இந்த அளவு மாறாது. சமதரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அளப்பதற்கு முன் வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் பொய்யான அளவுதான் வரும்.

இந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். வேலை முடிந்த பிறகு எவ்வளவு ஏறியிருக்கிறது, இடமும் வலமும் ஒன்றாக இருக்கிறதா என்பதை இதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பத்து வருட வண்டி. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா?

அநேகமாக. எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் இங்கேயே முடிந்துவிடுகிறது. இடது, வலது அளவுகளில் ஒரு செ.மீ. வித்தியாசம் இருந்தாலோ, அதே மாடல் புதிய வண்டியைவிட உங்கள் வண்டி தாழ்ந்திருந்தாலோ, ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. சில வண்டிகளில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருப்பிடித்து உடைந்தே இருக்கும். கடற்கரை ஊர்களில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். உடைந்த துண்டு கீழ்த் தட்டில் கிடக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால் ஸ்பேசரை மறந்துவிட்டு, கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஜோடியாக மாற்றுங்கள். முன்னால் மாற்றும்போது ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) மூன்றையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். கழற்றிய கையோடு மாற்றாவிட்டால் ஆறு மாதத்தில் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டி வரும். என் வண்டியில் புது ஸ்பிரிங் போட்டதுமே முன்பக்கம் ஒன்றரை செ.மீ. எழுந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் நான் வேண்டாத வழியெல்லாம் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும். என்ன வழிகள்?

மூன்றுதான் நடைமுறையில் உண்டு. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே திணிக்கிற ரப்பர் பஃபர் ஒன்று. ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் தட்டுக்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர் இரண்டாவது. முன் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டுக்கும் பாடிக்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர் மூன்றாவது. உயரமான ஸ்பிரிங் செட் வாங்குவது நான்காவது வழி. ஆனால் நம் சின்னக் கார்களுக்கு நம்பகமான செட் கிடைப்பது அபூர்வம்.

பின்னிரண்டு வகைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஸ்பிரிங்குக்குக் கீழேயோ மேலேயோ ஸ்பேசர் வைத்தால் வண்டி எழும், ஆனால் ஷாக் அதிகபட்சம் நீளக்கூடிய அளவு மாறாது. வண்டி நிற்கும்போதே ஷாக் கொஞ்சம் நீண்டிருக்கும், எனவே பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்குவதற்கு மிச்சம் இருக்கிற தூரம் குறைந்துவிடும். மேடு தாண்டி இறங்கும்போது ஷாக் முழுசாக நீண்டு ‘டக்’ என்று இடிக்கும். மேல் மவுண்டில் வைக்கிற ஸ்பேசர் அப்படியில்லை. ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தபடியே கீழே இறங்குவதால் தொங்கும் தூரம் குறையாது. ஆனால் அந்தச் சுமை வேறு இடத்துக்குப் போகிறது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு), பால் ஜாயின்ட் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு), டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எல்லாமே கம்பெனி நினைத்ததைவிட அதிகம் சாய்கின்றன. இரண்டிலும் எதையாவது இழக்கிறோம். கொஞ்சமாக இழக்கிற மாதிரி அளவை வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

கடையில் விற்கிற ரப்பர் பஃபர் போட்டால் போதாதா? பத்து நிமிட வேலை என்கிறார்களே.

போடுவது பத்து நிமிடம்தான், அதில் பொய்யில்லை. நானும் முதலில் அதைத்தான் போட்டேன். அது பிடித்திருக்கிற இடத்தில் ஸ்பிரிங்கின் சுற்று வேலை செய்யாது. ஆறு சுற்று வேலை செய்த ஸ்பிரிங்கில் ஐந்து வேலை செய்தால் ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று பொருள். எனவே வண்டி எழும்பியதுபோல் தெரிவதும், பாரம் ஏற்றினால் முன்னளவு இறங்காததும் உண்மை. அந்த ஐந்து சுற்றும் ஆறு சுற்றின் வேலையைச் செய்கின்றன என்பதும் உண்மை. சின்னக் குழியிலும் முதுகு அதிரும். பஃபரின் விளிம்பு ஸ்பிரிங்கின் பெயின்டை உரசி எடுத்து, அங்கே துரு ஏறும். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் துருப்பிடித்த இடத்தில்தான்.

எப்போதும் பாரம் ஏற்றுகிற வண்டிக்குப் பின்னால் மட்டும் போட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. முன் ஸ்ட்ரட்டில் போடாதீர்கள். நான் போட்டதில் ஒன்று நெடுஞ்சாலையில் கழன்று போயே போய்விட்டது. வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

எத்தனை மி.மீ. வரை உயர்த்தலாம்?

என் பதில் 20. ரொம்பப் பிடிவாதம் பிடித்தால் 25. ஐம்பது வேண்டும் என்றால் உயரமான காரை வாங்குங்கள்.

காரணம் ஜாமெட்ரி. முன் டிரைவ் ஷாஃப்ட் ஒரு பக்கம் 35 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 20 மி.மீ. கீழே இறங்கினால் அது 3 பாகைக்குச் சற்று மேல் சாய்கிறது. ஷாஃப்ட்டின் முனையில் வளைந்துகொடுக்கும் சி.வி. ஜாயின்ட் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஐம்பது இறங்கினால் 8 பாகை, நேராக ஓடும்போதே. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது அந்தச் சாய்வும் சேர்ந்துகொள்ளும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிரீஸ் வெளியே வந்து மண் உள்ளே போனால், வண்டி திரும்பும்போது ‘டிக் டிக்’ என்று கேட்க ஆரம்பிக்கும்.

கேம்பரும், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணமும், மாறும். வண்டி எழும்போது, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து சக்கரத்தின் அடிப்பாகத்தை உள்ளே இழுக்கிறது. ஸ்ட்ரட்டின் மேல்முனை நகராததால் சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்கிறது. இருபதுக்கு இது கால் பாகைக்குள் அடங்கும். ஐம்பதுக்கு அரைப் பாகையைத் தாண்டிவிடும். பல சின்னக் கார்களில் கேம்பரைத் திருத்தக் கம்பெனி எந்த வசதியும் வைக்கவில்லை. டயரின் வெளிவிளிம்பு தேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தனையும் வாசலில் நானே செய்யக்கூடிய வேலையா?

பின்பக்கம் செய்யலாம். முன்பக்கத்துக்கு நிபந்தனை உண்டு.

ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பாடியோடு இரண்டு மூன்று நட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தால், ஸ்ட்ரட்டைப் பிரிக்காமல் அப்படியே வெளியே எடுத்து, மேலே ஸ்பேசரை வைத்து மாட்டிவிடலாம். சில கார்களில் மேலே நடுவில் ஒரே நட்டுதான் இருக்கும். அவற்றில் மேல் ஸ்பேசர் வைக்க வழியில்லை, ஸ்பிரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதை வாசலில் செய்யாதீர்கள். ஸ்ட்ரட்டின் உள்ளே ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. நடு நட்டைத் திறந்தால், பல பத்துக் கிலோ எடையால் அமுக்கி வைத்த ஸ்பிரிங், மவுண்டையும் சேர்த்துத் தூக்கி எறியும். முகத்தின் உயரத்துக்கு நேராக. ஒர்க் ஷாப்பில் சுவரில் பதித்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கும். ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி எடுத்துப் போய்க் கொடுங்கள், அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுப்பார்கள்.

எதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ஹைட்ராலிக் ஜாக்கி இரண்டு, ஆக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க நான்கு மரக்கட்டை, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு நட்டை முறுக்க உதவும் ஸ்பேனர்), துரு இளக்கும் எண்ணெய் ஒரு டப்பா. வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதன் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் தலையை நுழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம். இறுகி இருக்கிற மாதிரியே இருக்கும், திடீரென்று பொடியாகும்.

சரி, பின்பக்கத்தை எப்படிச் செய்வது?

பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள கார்களுக்கான முறையைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்கும். இந்த அமைப்பில் கம்ப்ரஸரே வேண்டாம்.

கல் தரையில், சமமான இடத்தில் நிறுத்துங்கள். முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அவை அந்தரத்தில் இருக்கும்போது அதை நம்பிப் பயனில்லை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று இளக்கி, வண்டியைத் தூக்கி, கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கக் கம்பெனி காட்டியிருக்கும் இடங்களில் இரண்டு ஸ்டாண்டையும் நிறுத்துங்கள். ஸ்டாண்டில் நின்ற வண்டியைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். இப்போதே ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். ஆடாவிட்டால் பின்சக்கரங்களைக் கழற்றுங்கள்.

இப்போது பீமுக்கு அடியில், ஸ்பிரிங் உட்காரும் தட்டின் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக ஜாக்கியை முட்டுக் கொடுக்க வேண்டும். பீமின் நட்டநடுவில் ஜாக்கி வைத்தால் அது வளையலாம். ஷாக்கின் கீழ் போல்ட்டை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். அப்புறம் ஜாக்கிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் லூசாகி, கையாலேயே உருவ வரும். அதற்குள் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இழுபட்டால் அவற்றின் கிளிப்பைக் கழற்றிவிட்டு மேலே தொடருங்கள். ஹோஸில் பீம் தொங்குவது மட்டும் கூடாது.

மேல் ரப்பர் தட்டின் மேலே ஸ்பேசர், அதற்குக் கீழே பழையபடி ரப்பர், அதற்குக் கீழே ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் முனை உட்காருவதற்கு ரப்பரில் ஒரு படி இருக்கும். முனை அந்தப் படியில் முட்டி நிற்க வேண்டும். படிக்கு வெளியே உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கு ‘டொக் டொக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பிறகு நீங்களே மறுபடி கழற்றுவீர்கள். ஜாக்கியை ஏற்றி ஷாக் போல்ட்டை மாட்டுங்கள். முழுசாக முறுக்காதீர்கள்.

ஏன் முழுசாக முறுக்கக் கூடாது?

வீட்டில் செய்கிறவர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஷாக்கின் கீழ்க் கண்ணிலும் லோயர் ஆர்மிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. பல கார்களில் அந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுகி நெகிழ்கிறது. போல்ட்டை இறுக்கும் நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் புஷ் முறுகியே இருக்கும். சில மாதத்தில் கிழியும். அதுவரை வண்டி விறைப்பாகத் துள்ளும். ஆகவே சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, ஆட்டி அமர வைத்த பிறகு கடைசி முறுக்கு கொடுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கைக்கணக்கை நம்ப வேண்டாம்.

முன்பக்கம்?

மேலே பல நட்டுள்ள வகைக்கு மட்டும் சொல்கிறேன். இந்த முறை ஹேண்ட்பிரேக் உதவும், பின்சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் ஏ.பி.எஸ். ஒயரையும் ஸ்டெபிலைசர் லிங்க் இருந்தால் அதையும் விடுவியுங்கள். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) சேரும் இடத்தில் இரண்டு பெரிய போல்ட் இருக்கும். கழற்றுவதற்கு முன் அங்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், கேம்பர் ஓரளவு பழைய இடத்துக்கே வரும். போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட்டின் கழுத்தில் பல் வெட்டியிருந்தால், போல்ட்டைத் திருப்பும்போது நக்கிளின் துளை கெட்டுவிடும்.

அந்த இரண்டு போல்ட்டும் வந்ததும் நக்கிள் வெளியே சாயும். விடாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கியர்பாக்ஸ் பக்கம் கழன்றுகொள்ளலாம். ஒரு கம்பியால் நக்கிளைப் பாடியோடு கட்டி வைத்துவிட்டு, மேல் நட்டுகளைக் கழற்றுங்கள். கடைசி நட்டைக் கழற்றும்போது ஸ்ட்ரட்டை ஒருவர் கீழே தாங்க வேண்டும். நடு நட்டில் கை வைக்கவே வேண்டாம்.

ஸ்பேசரை எதில் செய்யலாம்? எங்கள் ஊரில் லேத் பட்டறை இருக்கிறது.

பட்டறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேல் மவுண்டுக்கு அலுமினியம் கடைந்து வாங்குங்கள். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், துளைகள் மவுண்டின் துளைகளோடு அப்படியே பொருந்த வேண்டும். பின் ஸ்பிரிங்குக்கு பாலியூரித்தேன் நன்றாக உழைக்கிறது. மரக்கட்டை, ஆறேழு வாஷரை அடுக்குவது, லாரி டயரிலிருந்து வெட்டிய துண்டு எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

ஸ்பேசரின் கனம் அளவுக்கு ஸ்டட் (மவுண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி) குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நட்டு முழுசாக ஏறி, அதற்கு மேல் இரண்டு மரை வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீளமான ஸ்டட் போட வேண்டும், அதுவும் தலையில் 8.8 அல்லது 10.9 என்று தரக்குறி உள்ள போல்ட்டின் தரத்தில். ஹார்டுவேர் கடை மைல்டு ஸ்டீல் போல்ட்டில் முன்சக்கரத்தைத் தொங்கவிடாதீர்கள்.

பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் போதுமா? அங்கேதான் தட்டுகிறது.

செய்யலாம், ஆனால் விளக்கைத் திருத்த வேண்டும். பின்பக்கம் 20 மி.மீ. எழுந்தால், 2.43 மீட்டர் நீளத்தில் வண்டி அரைப் பாகை முன்னால் குனிகிறது. 25 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் வெளிச்சம் 20 செ.மீ. தாழ்ந்து விழும். இரவில் திண்டிவனம் சாலையில் ‘என்ன, இன்று இருட்டாக இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டே ஓட்டியவன் நான். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் எதிரே வருகிறவர் உங்களைத் திட்டுவார்.

ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டிகள் சிலவற்றில் இன்னொரு விஷயம் உண்டு. பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ போய் ஒரு வால்வில் சேரும். பாரம் எவ்வளவு இருக்கிறது என்பதை வண்டியின் உயரத்தை வைத்து அது ஊகித்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புகிறது. நீங்கள் உயர்த்தினால் அது ‘வண்டி காலி’ என்று நினைத்து, ஐந்து பேர் இருக்கும்போதும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கீழே குனிந்து பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால், அதைத் திருத்தத் தெரிந்தவரிடம் காட்டாமல் பின்பக்கத்தைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு?

அன்றே வீல் அலைன்மென்ட். கேம்பர் அதிகம் மாறாவிட்டாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கட்டாயம் மாறியிருக்கும். டோ தவறான வண்டி சில ஆயிரம் கிலோமீட்டரில் புது டயரை ரம்பம் போலத் தேய்த்துவிடும். அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள், வழியில் ஸ்டியரிங் நேராக நிற்காது. 100 கிலோமீட்டருக்குப் பிறகு சக்கர நட்டு உட்பட நீங்கள் தொட்ட எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள். முதல் மாதத்தில் ஒருநாள் முன்சக்கரத்தை முழுசாக ஒடித்து, சி.வி. பூட்டில் விரிசலோ கிரீஸோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெரிய டயர் போட்டால் இவ்வளவு தொல்லை இல்லையே?

கொஞ்சம் உயரும். 165/80 ஆர்14 டயரின் விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ., 175/80 ஆர்14 என்றால் 636. வித்தியாசம் 16, ஆனால் வண்டிக்குக் கிடைப்பது அதில் பாதி, 8 மி.மீ. மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட இரண்டரை சதவீதம் கூடுதல் வேகத்தில் போவீர்கள். திரும்பும்போது டயர், சக்கரக் குழியின் உள் லைனரில் உரசாமல் இருக்க வேண்டும். ரிம்மை மட்டும் பெரிதாக்கி, டயரின் பக்கச் சுவரைக் குறைத்தால் உயரம் ஏறாது. ஆல்டோவின் 145/80 ஆர்12 டயரை எடுத்துவிட்டு 155/65 ஆர்13 போட்டவர் 5 மி.மீ. விட்டத்தை இழக்கிறார். அழகாக இருக்கிறது என்பார், சரி, இருக்கட்டும்.

சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த பிறகு பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.

வெளியில் மாட்டிய கிட் என்றால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். டிக்கியில் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்தப் பாரம் என்றைக்கும் இறங்கப்போவதில்லை என்பதால் ஸ்பேசரைவிடக் கடினமான ஸ்பிரிங்தான் சரியான தீர்வு. அதே மாடலில் கம்பெனியே சி.என்.ஜி. வண்டி விற்றால், அதன் பின் ஸ்பிரிங்கின் பாகம் எண் வேறாக இருக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் விஷயம்?

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று தனி வரி இல்லைதான். அதை வைத்துக்கொண்டு ‘அப்படியானால் தப்பில்லை’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும்போது அந்த வாதம் உங்களுக்கு எவ்வளவு உதவும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதில் கம்பெனி ஸ்பிரிங் போடுவதில் எந்தச் சிக்கலும் இல்லை, அது பழுதுபார்ப்பு. ஸ்பேசர் போட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி, அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாரன்டி இருக்கும் புது வண்டியில் கை வைக்க வேண்டாம். முதல் முறை முன்பக்கம் சத்தம் வந்தாலே சர்வீஸ் சென்டரில் உங்கள் ஸ்பேசரைத்தான் காட்டுவார்கள்.

போட்டுவிட்டேன், பிடிக்கவில்லை. பழையபடி இறக்க முடியுமா?

முடியும், ஸ்பேசரை எடுத்துவிட்டு அதே வரிசையில் மாட்டுவதுதான். பழைய நீளத்து ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தால். அப்புறம் மறுபடி ஒரு அலைன்மென்ட், மறுபடி விளக்குத் திருத்தம். என் முதல் ஸ்பேசர் ஜோடி இப்போது வாசல் கேட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.